இலையுதிர் காலத்தின் மூக்கு

மொன்றியல் டவுன்டவுனில் ஒரு கலைக்கூடத்தில் நான் காவல்காரி. கறுப்புக் கோட், கறுப்புச் சப்பாத்து, காதில் ஒரு வயர். வேலை என்னவென்று கேட்டால், நிற்பது. யாராவது எதையாவது தொடப்போனால் முதலில் பிரெஞ்சிலும் பிறகு ஆங்கிலத்திலும் தொடாதீர்கள் என்று சொல்ல வேண்டும். தமிழில் சொல்ல வேண்டிய அவசியம் ஒரே ஒரு தடவைதான் வந்தது. அதில் தொடங்கிய கூத்து அரை வருடத்துக்கு மேல் எங்கள் குடும்பத்தைப் பிடித்து ஆட்டியது.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் கூடத்துக்கு வெள்ளைச் சலவைக்கல் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். முன்னொரு காலத்தில் ஒரு அரசி தன் பிள்ளைகளைச் சிலையாக வடிக்கச் சொல்லியிருக்கிறாள். சும்மா பிள்ளைகளாக அல்ல. ஒருத்தி கோடை, ஒருத்தி இளவேனில், ஒருத்தி சமாதானம், இன்னொருத்தி செழிப்பு. கைக்குழந்தையைக் கொண்டுபோய் ஒரு பெரிய சிப்பிக்குள் கிடத்தியிருந்தார்கள். அது எதைக் குறிக்கிறது என்று பக்கத்திலிருந்த பலகையை எத்தனை தடவை வாசித்தும் எனக்கு விளங்கவில்லை. பட்டத்து இளவரசன்தான் குளிர்காலம். ஆட்டுத்தோல் ஒன்றைச் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு நின்றான். அந்தச் சிற்பி ஜனவரி மாதத்தில் ஒரு காலை மொன்றியலில் பஸ்ஸுக்கு நின்றிருந்தால் பிள்ளைக்கு ஒரு சப்பாத்தாவது செதுக்கியிருப்பான்.

இது போதாதென்று ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், வெல்வெட் மெத்தைகளின் மேல், அதே பிள்ளைகளின் கைகளும் கால்களும் தனித்தனியாகச் சலவைக்கல்லில் கிடந்தன. பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்களே என்ற கவலையில் அரசி செய்வித்ததாம். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, மத்தியானத்துக்குக் கொண்டுபோன மட்டன் ரோல்ஸை என்னால் வாயில் வைக்க முடியவில்லை.

காவல்காரிக்குச் சிலைகளைப் பற்றி அதிகம் தெரியாது, சனங்களைப் பற்றித் தெரியும். சனங்கள் முதலில் பலகையை வாசிப்பார்கள். பிறகு போனை உயர்த்திப் படம் எடுப்பார்கள். பிறகு அடுத்த பலகைக்குப் போவார்கள். சிலையை நின்று பார்க்கிறவர்கள் அரிது. அப்படி ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். அவர் என் அத்தான்.

அத்தான் என் அக்காவின் புருஷன். மட்டக்களப்பு ஆள். துறைமுகத்திலிருந்து கொள்கலன் இழுக்கும் லொறி ஓட்டுகிறார். ஒரு இடத்தில் நிற்கத் தெரியாத மனிதர், சாப்பிடும்போதுகூட எழுந்து நடப்பார். அன்றைக்கு அனுமதி இலவசம் என்பதால் அக்காவையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அக்கா கழிவறையைத் தேடிப் போனாள். மகள் ஒரு மூலையில் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் மட்டும் இலையுதிர் காலத்துக்கு முன்னால் நின்றார். அது இளைய இளவரசன், ஒரு சிறுவன். தலையில் இலைக்கிரீடம், ஒரு கையில் திராட்சைக் குலை, மற்றதில் அரிவாள். நான் அந்தக் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோதும் அவர் அசையவில்லை. பிறகு கையை நீட்டி இளவரசனின் மூக்கை மெதுவாகத் தடவினார்.

“அத்தான், கையை எடுங்கோ!” என்று கத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற ஜப்பானியக் குடும்பம் ஒன்று தங்கள் கைகளை எடுத்துச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டது.

“மச்சாள், இந்தப் பொடியன் எப்ப செத்தவன்?” என்று அவர் ஆறுதலாகக் கேட்டார்.

“வளந்து, கலியாணம் கட்டி, வயசு போய்ச் செத்தவன்.”

“ஆனா இஞ்ச இன்னும் சின்னப் பொடியனாத்தானே நிக்கிறான்.”

“கல்லெண்டபடியால் நிக்கிறான், அத்தான்.”

“அதுதான்,” என்றார். திரும்பித் தன் மகளைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. பெரிய பிள்ளையாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. சாமத்திய வீட்டை, அந்தப் பூப்புனித நீராட்டு விழாவை, கோடையில் வைப்பதாக ஆற்றுக்கு அப்பால் லவாலில் மண்டபம் பேசி முடித்திருந்தார்கள். எங்கள் ஆட்களின் சாமத்திய வீடு இந்த ஊரில் என்ன நிலைக்கு வந்துவிட்டது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பிள்ளை அன்னத்தில் வந்தாள். ஒருத்தி வண்ணத்துப்பூச்சிக்குள்ளிருந்து வெளியே வந்தாள். ஒருத்தியைப் பிறைநிலாவில் உட்காரவைத்துக் கூரையிலிருந்து இறக்கினார்கள். நிலா பாதி வழியில் நின்றுவிட, பிள்ளை சாப்பாடு முடியும் வரைக்கும் எங்கள் தலைகளுக்கு மேலே தொங்கியது. போன வருடம் ஒரு தகப்பன் சிப்பி செய்வித்தார். அந்தச் சிப்பிக்குள் உட்கார்ந்திருந்த பிள்ளையை நானும் பார்த்தேன். அதனால் அரசியின் குழந்தையைச் சிப்பிக்குள் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்ததே தவிர ஆச்சரியம் வரவில்லை. பணமும் பாசமும் ஒரு வீட்டில் சேர்ந்துவிட்டால் பிள்ளைக்குத் தப்ப வழியில்லை, அது அரண்மனையானாலும் சரி, லவாலில் உள்ள மண்டபமானாலும் சரி.

“சலவைக்கல்லில ஒருத்தரும் செய்யேல்லை,” என்று, மகளைச் சிலையாக வடிக்க அத்தான் முடிவெடுத்த அன்று, அக்கா எனக்குப் போனில் சொன்னாள். அதை அவள் பெருமையாகச் சொன்னாளா, முறைப்பாடாகச் சொன்னாளா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

ஆனால் அத்தான் போட்டிக்காக இதைச் செய்யவில்லை. அது எனக்குத் தெரியும், அதனால்தான் என்னால் அவரை முழுதாகத் திட்டவும் முடியவில்லை. அவரிடம் தன் சின்ன வயதுப் படம் ஒன்றுகூட இல்லை. ஊரில் வீடு எரிந்த அன்று அல்பமும் எரிந்துபோயிற்று. இருபது வயதுக்கு முன்னால் தன் முகம் எப்படி இருந்தது என்று அவருக்கே நினைவில்லை. எங்கள் வீட்டு அல்பத்தை யாராவது விரித்தால், அக்காவும் நானும் மொட்டைத் தலையோடு நிற்கும் படங்களைப் பார்த்து எல்லாரும் சிரிக்கும்போது, அவர் எழுந்து தேத்தண்ணி போடப் போய்விடுவார். “கடதாசி எரியும். போன் உடையும். கல்லை ஒண்டும் செய்யேலாது,” என்று எனக்குச் சொன்னார்.

மாமல்லபுரத்துப் பக்கம் ஒரு சிற்பியைப் பிடித்தார். இல்-பிசார் தீவில் அவர்கள் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து வீடியோ அழைப்பில் பேசியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். மகள் ஒக்டோபரில் பிறந்தவள் என்பதால் அவள் இலையுதிர் காலம் என்று முடிவாகியிருந்தது.

“சார், ரெண்டு கையா, நாலு கையா?” என்று சிற்பி கேட்டார். நல்ல மனிதர், அவசரப்படாமல் பேசினார்.

“ரெண்டுதான் தம்பி.”

“கையில அரிவாள்னு போட்டிருக்கீங்க. அப்ப காளியம்மன்தானே சார்?”

“இல்லைத் தம்பி. இலையுதிர் காலம்.”

“அந்தச் சாமிய நாங்க செஞ்சதில்ல சார். படம் அனுப்புங்க, பாத்து செஞ்சிரலாம்.”

மகளின் படங்களை அத்தான் ஏற்கனவே அனுப்பியிருந்தார், முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுத்தவை. சிற்பி அவற்றைத் திரும்பப் பார்த்தார். “பாப்பா நல்லா லட்சணமா இருக்கு சார். மூக்கு மட்டும் கொஞ்சம் சப்பையாத் தெரியுது. அப்படியே வெக்கட்டா, இல்ல நம்ம அம்மன் மூக்கு போட்டுரவா?”

அத்தான் நாடியைச் சொறிந்தார். “எடுப்பாவே செய்யுங்கோ தம்பி. நாலு பேர் பாக்கிற சாமான்.”

நான் தற்செயலாகத் திரும்பினேன். மாடிப்படியில் மகள் கையில் பாலூற்றிய சீரியல் கோப்பையோடு நின்றாள். என்னைப் பார்த்தாள். கரண்டியைக் கோப்பைக்குள் போட்டுவிட்டு வந்த வழியே மேலே போனாள்.

அன்றிலிருந்து அவள் தகப்பனோடு தமிழில் பேசுவதை நிறுத்திவிட்டாள். பிரெஞ்சு மட்டும்தான். அத்தானுக்குத் தெரிந்த பிரெஞ்சு துறைமுகத்துக்குப் போதுமான பிரெஞ்சு: வலம், இடம், பின்னால், நில். பிள்ளை பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் மளமளவென்று கொட்டும்போது அவர் சிரித்துக்கொண்டு “வுய், வுய்” என்று ஆமாம் போடுவார். பாஷை நன்றாக வருகிறது என்று சந்தோஷம்வேறு பட்டார்.

என்னிடம் மட்டும் அவள் சொன்னாள். “சித்தி, அப்பாக்கு என்ர மூக்குப் பிடிக்கேல்லை. மூக்கு என்ர முகத்திலதானே இருக்கு.”

“போடி விசரி,” என்றேன். சொல்லிவிட்டு எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அத்தானைத் தனியே பிடித்து, பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்று சொன்னேன். “சிலையெண்டால் ஆருக்கும் மூக்கு அப்பிடித்தான் மச்சாள் இருக்கும். அவள் சின்னப்பிள்ளை, பேந்து மறந்திடுவாள்,” என்றார். பதின்மூன்று வயதில் ஒரு பெண்பிள்ளை எதையாவது மறந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

இளவேனிலில் சிலை கப்பலில் வந்தது. துறைமுகத்தில் பெட்டியைத் திறந்து பார்த்த சுங்க அதிகாரி, அதற்குள் நின்ற வெள்ளைப் பிள்ளையைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டார். இது யார் என்று கேட்டிருக்கிறார். என் மகள் என்றிருக்கிறார் அத்தான். அதிகாரி அவருடைய தோளில் கையை வைத்து, தாழ்ந்த குரலில், தன் ஆழ்ந்த அனுதாபங்கள் என்றிருக்கிறார். அத்தானுக்கு அந்த வசனம் விளங்கவில்லை. “மெர்சி, மெர்சி,” என்று நன்றி சொல்லி, கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்திருக்கிறார். வேறு கேள்வி ஒன்றும் இல்லாமல் விட்டுவிட்டார்கள் என்று வீட்டுக்கு வந்து அவரே சந்தோஷமாகச் சொன்னார்.

சிலையைக் கொல்லைப்பக்கத்தில் இறக்கி வைத்தார்கள். அடுத்த நாள் பக்கத்து வீட்டுக் கியூபெக் அம்மா, கண்ணெல்லாம் சிவந்து, கையில் சூடான இறைச்சிப் பணியாரம் ஒன்றோடு வந்து மணியடித்தார். கதவைத் திறந்தது மகள். அந்த அம்மா கத்திய கத்தலில் பணியாரம் படியில் விழுந்தது.

சிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிற்பி வேலையில் குறை வைக்கவில்லை. கால் வரைக்கும் மடிப்பு மடிப்பாகப் பட்டுச்சேலை, அதன் சரிகைகூடத் தெரிந்தது. திராட்சைக்குப் பதிலாக நெற்கதிர். காலடியில், கேட்காமலே, ஒரு தாமரைப் பீடம். தலையில் மேப்பிள் இலைக் கிரீடம் வேண்டுமென்று அத்தான் சொல்லியிருந்தார். சிற்பி மேப்பிள் மரத்தைக் கண்டாரா, கேட்டாரா? பப்பாசி இலைதான் வந்திருந்தது. முகமோ அழகென்றால் அப்படி ஒரு அழகு. கூரான நீண்ட மூக்கு, அதில் ஒரு மூக்குத்திகூட. எங்கள் பிள்ளையைத்தான் காணவில்லை.

சாமத்திய வீட்டுக்காக அத்தானின் அக்கா மட்டக்களப்பிலிருந்து விசாவில் வந்திருந்தார். மகளுக்கு மாமி. தாய் தகப்பன் போன பிறகு அத்தானை வளர்த்தவர் அவர்தான். விடியற்காலை விமானத்தில் வந்து இறங்கியவரை, தூங்கிக்கொண்டிருந்த மகளை எழுப்புவதற்கு முன்னமே, அத்தான் கொல்லைப்பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் மாமியின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

“இது ஆரு மனே?” என்று மாமி கேட்டார்.

“உங்கட மருமகள்தான் அக்கா.”

மாமி சிலையைச் சுற்றி வந்தார். பப்பாசி இலையைத் தொட்டுப் பார்த்தார். “நம்மட குடும்பத்தில ஒருத்தருக்கும் இந்த மூக்கு இல்லியே,” என்று சொல்லிவிட்டுக் குளிருது என்று உள்ளே போனார். அத்தான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

சாமத்திய வீட்டுக்கு வரவே மாட்டேன் என்று மகள் பிடிவாதம் பிடித்து, அக்கா அழுது, கடைசியில் ஒருவாறு சம்மதித்தாள். அந்தச் சனிக்கிழமை எல்லாரும் காலையிலேயே மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். அத்தானின் துறைமுகக் கூட்டாளிகள் சிலையை லொறியில் ஏற்றிப்போய் மேடையில், பிள்ளை உட்காரும் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மகளைக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு எனக்கு. “காவல் வேலை உனக்குப் பழக்கம்தானே,” என்றாள் அக்கா.

அலங்காரம் செய்ய வந்த பெண் போனில் சிலையின் படத்தைத் திறந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தாள். சிலையைப் போலவே வர வேண்டும் என்பது அக்காவின் கட்டளை. மூக்கின் இரண்டு பக்கமும் மண்ணிறம் பூசி, நடுவில் வெள்ளைக்கோடு இழுத்து, தேய்த்துத் தேய்த்து, ஒரு மூக்கை உண்டாக்குவதற்கே காலை முழுதும் போயிற்று. முடித்துவிட்டு அவள் அடுத்த கலியாண வீட்டுக்கு ஓடினாள். மகள் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். முன்னாலிருந்து பார்த்தாள், பக்கத்திலிருந்து பார்த்தாள். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினாள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது சிவப்புப் பட்டும் நகையும் அப்படியே இருந்தன. முகம் மட்டும் அவளுடைய முகம்.

“போகலாம்,” என்றாள். காலில் ஓட்டச் சப்பாத்து. நான் கார்ச் சாவியை எடுத்தேன்.

தீவின் பாலத்தடியில் வீதி திருத்திக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்கெட்டிய மட்டும் செம்மஞ்சள் கூம்புகள். இந்த ஊரில் கோடைக்கு அதுதான் அடையாளம். அரசியின் சிற்பி இங்கே வந்திருந்தால் கோடை இளவரசியின் கையில் பூவுக்குப் பதிலாக அந்தக் கூம்பைத்தான் கொடுத்திருப்பான். காரைத் திருப்பி, லவாலுக்குக் கார் ஏற்றிப்போகும் ஃபெரிப் படகைப் பிடிக்கலாம் என்று போனேன். பாலத்துக்குப் பயந்த எல்லாரும் அங்கே வரிசையில் நின்றார்கள். எங்களுக்கு முன்னால் பாதித் தீவே நின்றது. மகள் காற்றுக்காகக் கீழே இறங்கினாள். ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி, கைநிறைய வளையல்களோடு ஆற்றங்கரையில் ஒரு பிள்ளை நிற்பதைக் கண்டு சைக்கிள்காரர்கள் கைதட்டினார்கள். ஒரு கிழவர் இன்றைக்கு என்ன விசேஷம் என்று பிரெஞ்சில் கேட்டார்.

“நான் இலையுதிர் காலம்,” என்று அவளும் பிரெஞ்சில் சொன்னாள்.

யூலை மாதம். கிழவர் ஆகாயத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், “ஆ, பியாங்,” என்று, நல்லது என்பதுபோல, சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

போன் அடித்தபடியே இருந்தது. அத்தான்தான். எங்கை நிக்கிறியள், எங்கை நிக்கிறியள். ஐயருக்கு அடுத்த இடத்தில் பூசை. வீடியோக்காரருக்கு அடுத்த மண்டபத்தில் கலியாணம். நல்ல நேரம் முடிந்து எமகண்டம் வரப்போகிறது. வரிசை நகரவில்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் அழைப்பு இல்லை. பிறகு மகள் தன் போனில் வீடியோக்காரரின் நேரலையைத் திறந்தாள்.

மேடையில் சிம்மாசனம் இல்லை. அதைத் தள்ளிவிட்டு நடுவில் சிலையை நிறுத்தியிருந்தார்கள். அதற்குச் சிவப்புச் சால்வை போர்த்தி, நெற்றியில் குங்குமம் வைத்து, கழுத்தில் ரோஜா மாலை போட்டிருந்தார்கள். ஐயர் ஒலிவாங்கியில் சொல்லிக்கொண்டிருந்தார்: “பேரும் நட்சத்திரமும் சரியெண்டால் போதும். கல்லுக்குப் பூசை செய்யிறது எனக்கு என்ன புதிசோ?” பெண்கள் இரண்டு இரண்டு பேராக ஆலாத்தித் தட்டத்தோடு வந்தார்கள். வாழைப்பழத் துண்டுகளில் திரி எரிந்தது. சிலைக்கு முன்னால் மூன்று தரம் சுற்றினார்கள். “அக்கா, கொஞ்சம் சிரியுங்கோ, பிள்ளையைப் பாருங்கோ,” என்று வீடியோக்காரர் சத்தம் போட, அவர்கள் கல்லைப் பார்த்துச் சிரித்தார்கள். அறுகரிசி போட்டார்கள். யாரோ குரவை போட்டார்கள். அக்கா கண்ணைத் துடைத்தாள். அத்தான் பக்கத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். என் போன் அடித்தது.

நேரலைக்குக் கீழே லண்டனிலிருந்தும் டொரண்டோவிலிருந்தும் சொந்தக்காரர் எழுதிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை நல்லா வெளுத்திட்டாள். இந்தக் காலத்தில் இப்படி அசையாமல் இருக்கிற பிள்ளை எங்கை, நல்ல வளர்ப்பு. மூக்கு அப்படியே தாயின்ர மூக்கு.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் நான் மட்டும் சிரிக்கிறேன் என்று தெரிந்தது.

“சித்தி, வீட்டை போவமா? அங்கை நான் தேவையில்லை,” என்றாள் மகள்.

நான் திரும்பத் திரையைப் பார்த்தேன். மேடையின் ஓரத்தில் மாமி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு ஆலாத்தித் தட்டம், திரி கொளுத்தாமல். யாரோ வந்து கையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் கையை உதறினார். குரல் மெல்லியதாகக் கேட்டது. “கல்லுக்கு நான் எடுக்க மாட்டன். புள்ள வரட்டும்.”

மகள் போனைக் காதுக்குக் கிட்ட வைத்து அதைக் கேட்டாள். பிறகு காருக்குள் ஏறி இருக்கைப் பட்டியைப் போட்டாள்.

நாங்கள் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஐயர் போய்விட்டார். சனங்கள் பிரியாணி வரிசையில் நின்றார்கள். வீடியோக்காரர் கமெராவைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். மேடையில் இலையுதிர் காலம், பப்பாசி இலையெல்லாம் அரிசியாக, மாலைக்குள் மூக்குவரை புதைந்து நின்றது. அத்தான் அதன் பீடத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழைத்து அழைத்து அவருடைய போன் செத்துப்போயிருந்தது.

மகள் மேடைக்கு ஏறவில்லை. கீழே, கதவுக்குப் பக்கத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். வெயிலில் முகம் கறுத்து, முன்மயிர் ஈரத்தில் ஒட்டி, மூக்கு விடைத்து, தகப்பனை முறைத்துக்கொண்டு நின்றாள்.

மாமி எழுந்தார். தட்டத்தைக் கதிரையில் வைத்துவிட்டு மேடையின் நுனிக்கு வந்தார். பிள்ளை வீட்டில் எப்போதும் அறையைப் பூட்டிக்கொண்டு, போனுக்குள் குனிந்தபடி இருப்பவள். அவள் இப்படி நிமிர்ந்து முறைத்ததை மாமி அன்றுதான் பார்த்தார்.

“டேய் தம்பி,” என்று திரும்பிப் பார்க்காமல் கூப்பிட்டார். “உன்ட படம் ஒண்டும் இல்ல, இல்ல எண்டு போன் எடுக்கிற நேரமெல்லாம் என்ட உசிர எடுப்பியே. இந்தா நிக்கிறாய் பாரு. இப்பிடித்தான், பள்ளியில அடி வாங்கிட்டு வந்தா, கையக் கட்டிக்கிட்டு, மூக்க விடைச்சுக்கிட்டு, வாசல்ல நிப்பாய். கூப்பிட்டாலும் உள்ள வரமாட்டாய்.”

அத்தான் நிமிர்ந்தார். மகளைப் பார்த்தார். கையைத் தூக்கித் தன் மூக்கைத் தொட்டார், அன்றைக்குக் கலைக்கூடத்தில் இளவரசனின் மூக்கைத் தொட்ட அதே விரலால். பிறகு எழுந்து மேடையிலிருந்து இறங்கினார். கதிரைகளில் முட்டிக்கொண்டு வந்து அவளுக்கு முன்னால் நின்றார்.

வீடியோக்காரர் பதறிப்போனார். “அண்ணை, ரெண்டு நிமிசம் பொறுங்கோ, கமெராவைத் திரும்பப் பூட்டுறன்,” என்று பையைத் திறந்தார். அத்தானுக்கு அது காதில் விழவில்லை.

“கொஞ்சம் அசையாமல் நில்லு மகள்,” என்றார்.

“கமெராவுக்கோ அப்பா?” என்று அவள் கேட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு தகப்பனோடு அவள் பேசிய முதல் தமிழ் அது.

“இல்லை. எனக்கு.”

அவள் கட்டிய கையை எடுக்காமல், முறைப்பையும் மாற்றாமல், அசையாமல் நின்றாள். அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.